நத்தாருக்கு முன் தங்கச்சி வீட்டுப் படியேறலாமா?

வாவிக்கரை (2024 டிசெம்பர் 2, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல காலமாக வாசிக்கிறேன், எழுதியது குறைவு. நேற்று, நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) முந்திய நான்கு வாரமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. கோயிலில் முதல் மெழுகுதிரியை ஏற்றினார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்கு முன், யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவர்களுடைய பெயரை ஒரு தாளில் எழுதுங்கள் என்று பிரசங்கத்தில் பாதர் சொன்னார். வந்து எழுதினேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. என் தங்கச்சியின் பெயர்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதில் எனக்கு ஒருநாளும் மறுப்பு இருந்ததில்லை. அம்மாவின் வீடு கல்லடியில் கடற்கரைப் பக்கம். 2004 சுனாமியில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. நான் கட்டாரில் ஆறு வருடம் கிடந்து அனுப்பிய காசில்தான் அது மறுபடி எழும்பியது. வளவின் வடக்குத் துண்டை, பத்துத் தென்னை நிற்கிற இடத்தை, எனக்கு எழுதுவதாக அம்மா வாயால் சொல்லியிருந்தார். 2013இல் காணி உறுதி (பத்திரம்) முடித்தபோது முழுவதும் தங்கச்சியின் பெயரில் இருந்தது. எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவள் வாசலில் நின்று பேசினேன், பேசக்கூடாததையும் பேசினேன்.

பதினொரு வருடமாகிவிட்டது. கோயிலில் அவள் இடப்பக்கம் இருப்பாள், நான் வலப்பக்கம். சமாதானம் வாழ்த்துகிற நேரத்தில் அவளுடைய முகத்தைத் தவிர மற்ற எல்லா முகங்களையும் பார்த்துக் கும்பிடுகிறேன். அவளுடைய மகளின் புதுநன்மைக்குக்கூட (முதல் நற்கருணைக்கு) நான் போகவில்லை.

கேட்க நினைத்தது இதுதான். மனம் வராமல் வாயால் மன்னிப்பது பொய்யாகாதா? நத்தாருக்கு முன் நானே போவது முறையா, அல்லது அவள் வரும்வரை காத்திருப்பதா? பிழை செய்தது அவள்.

கல்லாற்று அக்கா (டிசெம்பர் 3, காலை 6.15)

தம்பி, 22 வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள்.

மனம் வரவில்லை என்பது பாவமல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2843ஆம் எண்ணைப் பாருங்கள். பட்ட காயத்தை உணராமல் இருப்பதும் மறந்துவிடுவதும் நம்முடைய சக்தியில் இல்லை என்று திருச்சபையே அங்கே ஒப்புக்கொள்கிறது. அந்த இதயத்தைத் தூய ஆவியிடம் கொடுத்தால் அவர் காயத்தை இரக்கமாக மாற்றுவார் என்கிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது கொடுப்பது மட்டும். மாற்றுவது உங்கள் வேலையல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நான்கு வாரமும் ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடுவதில்லை. வானதூதர் பாடிய பாட்டு அது, பூமியில் அமைதி என்று சொல்கிற பாட்டு. அதை நத்தார் இரவுவரை வாய் திறக்காமல் வைத்திருக்கிறோம். ஊதா உடையும் அதற்காகத்தான். அமைதியைப் பாடுவதற்கு முன் அமைதியைத் தேடி நடக்கச் சொல்லி நமக்குத் தந்த நாட்கள் இவை. ஒளிவிழாவும் கேக்கும் சேலையும் என்று நாம்தான் அந்த நாட்களை நிரப்பிவிடுகிறோம்.

சொறிக்கல்முனை விவசாயி (டிசெம்பர் 3, பகல் 1.05)

அக்கா சொல்வது சரி. ஆனால் மன்னிப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று தம்பி நினைக்கக்கூடாது.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) சிறுபோகத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்துத் தண்ணீர்தான், அதுவும் முறை வைத்து. ஒரு வருடம் என் முறை இரவில் பக்கத்து வயல்காரர் வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். கதிர் பால் பிடிக்கிற நேரம். இரண்டு ஏக்கர் சாவியாக (பதராக)ப் போனது. மார்கழியில் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய், போனது போகட்டும் என்று சொல்லி வந்தேன். அடுத்த சிறுபோகத்தில் மறுபடியும் வெட்டினார்.

அந்த முறை, தண்ணீர் முறை பார்க்கும் வட்டை விதானையிடம் சொன்னேன். முறையை எழுத்தில் வைத்தோம். மடைப் பலகைக்குப் பூட்டும் போட்டேன். அந்த வருட நத்தாருக்கும் பலகாரத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டு இன்றும் இருக்கிறது, தட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு போகம் அழிய வேண்டியிருந்தது.

புளியந்தீவுத் தம்பி (டிசெம்பர் 3, இரவு 8.30)

1814இல் வில்லியம் ஓல்ட் ஐயர் மட்டக்களப்பில் வந்து தொடங்கிய மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன் நான். திருவருகை ஞாயிறுகள் எங்களுக்கும் உண்டு.

ஒரே செபத்தை நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம் என்பதைக் கவனித்தீர்களா? கத்தோலிக்கர் 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல' என்கிறீர்கள். நாங்கள் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்கிறோம். சிறுவயதில் எனக்கு இது விளங்கவில்லை. எனக்கு யார் கடன்காரன் என்று யோசித்திருக்கிறேன்.

இப்போது அந்தச் சொல் எனக்குப் பெரிய உதவியாக இருக்கிறது. கடனை மன்னிக்க மனம் உருக வேண்டியதில்லை. கொப்பியை எடுத்து அந்தப் பெயரின் மேல் கோடு போட்டால் போதும். கை நடுங்கிக்கொண்டே போட்டாலும் கோடு கோடுதான். அண்ணா, உங்கள் கொப்பியில் கட்டார்க் காசு என்று ஒரு வரி இருக்கிறது. அதுதான் உங்களை விடவில்லை என்று நினைக்கிறேன்.

மத்தேயு 18இல் வரும் உவமையிலும் கணக்குத்தான். முதல் வேலைக்காரனின் கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஆறு கோடி நாட்கள் உழைத்தால்தான் தீரும். மற்றவன் அவனுக்குக் கொடுக்க வேண்டியது 100 தெனாரியம். பிரசங்கங்களில் இதைச் சில்லறை என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நூறு நாள் கூலி ஒரு கூலிக்காரனுக்குச் சில்லறையா? இயேசு நம்முடைய காயத்தைச் சின்னது என்று சொல்லவில்லை. மூன்று மாதக் கூலி என்று சரியாக எண்ணியே வைத்திருக்கிறார்.

காரைதீவு ஆசிரியர் (டிசெம்பர் 4, மாலை 4.20)

நான் சைவன். நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வரும் கேக்கின் உரிமையில் ஒரு சொல் சொல்கிறேன். 'பொறுத்தல்' என்பதை விட்டுவிடாதீர்கள். பொறையுடைமை அதிகாரத்தை வள்ளுவர் நிலத்தில்தான் தொடங்குகிறார். தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கி நிற்கிறதே, அந்த நிலத்தைப் போல இரு என்கிறார். பொறுத்தல் என்றால் சுமத்தல். உங்கள் பிணக்கும் நிலத்தைப் பற்றியது என்பதால் நினைவுக்கு வந்தது.

மருதநிலா (டிசெம்பர் 4, இரவு 10.10)

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், நிலத்தை உதாரணம் காட்டும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. நான் பெண்களோடு வேலை செய்கிறவள். அடி வாங்கிய முகத்தோடு வருகிற பெண்ணுக்கு ஊர் என்ன சொல்லி அனுப்புகிறது தெரியுமா? 'நத்தார் வருகிறது, பிள்ளைகள் பாவம், பொறுத்துக்கொண்டு போ.' டிசெம்பரில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு, தைப்பொங்கலுக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பொறுமை என்ற சொல்லை எங்கள் பெண்களின் தலையில் போதுமான அளவு ஏற்றிவிட்டோம்.

கல்லாற்று அக்கா (டிசெம்பர் 5, காலை 6.00)

மருதநிலா, நன்றி. இதை யாராவது சொல்லவே வேண்டும். மன்னிப்பதும் திரும்பிப் போய்க் கூட வாழ்வதும் ஒன்றல்ல. மன்னிப்பை நான் ஒருத்தியே கொடுக்கலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். மற்றவர் மனம் திரும்பாமல் அது நடக்காது. கணவனோ மனைவியோ மற்றவருக்கு ஆபத்தானால் பிரிந்து போக நியாயமுண்டு என்று திருச்சபைச் சட்டம் 1153 சொல்கிறது. அதை மறைத்துவிட்டுப் 'பொறுத்துக்கொள் மகள்' என்று சொல்கிறவர்கள் நற்செய்தியைச் சொல்லவில்லை. என் வகுப்பில் இதை நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. இந்த வருடம் சொல்வேன்.

காரைதீவு ஆசிரியர் (டிசெம்பர் 5, காலை 7.45)

மகள், நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நிலத்துக்குப் போக வேறு இடமில்லை. மனிதருக்கு உண்டு.

வாவிக்கரை (டிசெம்பர் 8, மாலை 5.30)

எல்லாவற்றையும் வாசித்தேன். இன்று இரண்டாம் ஞாயிறு. ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள், பள்ளத்தாக்குகள் நிரப்பப்படும், கோணலானவை நேராகும் என்ற வாசகம். என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு மூன்று மைல். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். இன்று மோட்டார் சைக்கிளில் பாலம்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஏறாவூர்ப் பற்று (டிசெம்பர் 9, பகல் 11.15)

ஒரு சந்தேகம். வருகிற 24ஆம் திகதி இரவு திருத்தந்தை புனிதக் கதவைத் திறந்து யூபிலி ஆண்டைத் தொடங்குகிறார். லேவியர் 25இன்படி யூபிலியில் காணி பழைய சொந்தக்காரனுக்குத் திரும்ப வேண்டுமே. அப்படிப் பார்த்தால் தங்கச்சி அந்தத் துண்டைக் கொடுக்க வேண்டாமா?

சொறிக்கல்முனை விவசாயி (டிசெம்பர் 9, பகல் 12.50)

அந்தப் பக்கத்தைத் தங்கச்சி வாசிக்கட்டும். தம்பி தன்னுடைய பக்கத்தை வாசிக்கட்டும்.

பழைய மட்டுநகரான் (டிசெம்பர் 11, இரவு 9.00)

இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். காணிச் சண்டையில் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது எளிது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் நான் புளியந்தீவு மரியாள் ஆலயத்தில் இருந்தேன். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தை அந்தக் கோயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவியும் காயப்பட்டார். பாலன் குடிலில் மின்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, ஜனங்கள் வாங்குகளுக்குக் கீழே கிடந்தார்கள். 2021 ஜனவரியில், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஒவ்வொரு நத்தாருக்கும் அதே கோயிலுக்குப் போகிறேன். யாரை மன்னிப்பது? பெயர் தெரியாத ஒருவனை எப்படி மன்னிப்பது? அதற்கு நான் யார்? அவருடைய குடும்பத்தாரல்லவா சொல்ல வேண்டும்?

புளியந்தீவுத் தம்பி (டிசெம்பர் 11, இரவு 11.20)

ஐயா, மற்றவர் காயத்தை நாம் மன்னிக்க முடியாது என்பதில் நான் உங்களோடு இருக்கிறேன். ஆனால் நீதி கேட்பது மன்னிப்புக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். 2020 உயிர்ப்பு ஞாயிறன்று, முந்திய வருடம் அதே திருநாளில் கோயில்களில் குண்டு வைத்துத் தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை சொன்னார். அதே ஆண்டகைதான் உண்மையை வெளியே கொண்டுவரும்படி இன்றுவரை விடாமல் கேட்கிறார்.

மழைநாள் (டிசெம்பர் 12, அதிகாலை 2.35)

2019ஐ எடுத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் எங்கள் குடும்பத்திலும் ஒரு பிள்ளை போனது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது கேட்கிறார்கள், மன்னித்துவிட்டீர்களா என்று. நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். எனக்குப் பதில் வருவதில்லை. செய்தவன் உயிரோடு இல்லை. அவனைப் பற்றி எனக்குள் இப்போது ஒன்றுமே இல்லை, ஒரு வெறுமைதான்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது வேறொன்று. அந்தத் தாக்குதலின் தலைவனுடைய ஊரான காத்தான்குடியில் எனக்கு ஒரு முஸ்லிம் சிநேகிதி. ஆசிரியப் பயிற்சியில் ஒன்றாக இருந்தவள். பெருநாளுக்கு வட்டிலப்பம் அவள் வீட்டிலிருந்து வரும், நத்தாருக்குத் தொதல் இங்கிருந்து போகும். அது நடந்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவள் வந்து எங்கள் கேற்றில் நின்றாள். அந்த நேரம் அவர்கள் வெளியே இறங்கவே பயந்த நேரம். அப்படியிருந்தும் வந்தாள். நான் யன்னலால் பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய ஊர்தான் அவள் செய்த பிழை.

ஐந்து வருடம் எல்லோரும் என்னிடம் யாரை மன்னித்தாய் என்று கேட்டார்கள். நீ யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்கப்பட்டவளிடம் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராதுதான்.

பழைய மட்டுநகரான் (டிசெம்பர் 12, காலை 5.50)

மகள், வாசித்தேன். உங்களுக்காகச் செபிக்கிறேன். அந்தப் பிள்ளைக்காகவும், கேற்றில் நின்ற அந்தத் தங்கச்சிக்காகவும்.

கல்லாற்று அக்கா (டிசெம்பர் 12, இரவு 8.15)

காலையிலிருந்து மழைநாள் எழுதியதை வைத்துக்கொண்டே இருந்தேன். மத்தேயு 5ஐ எடுத்து மறுபடி வாசித்தேன். நான் 22 வருடம் படிப்பித்த பகுதி, வெட்கமாக இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. எது நினைவுக்கு வந்தால்? உன் சகோதரர்மேல் உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்றா? இல்லை. உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுற்றால்.

இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'உங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நினையுங்கள், மன்னியுங்கள், பிறகு நத்தார் கொண்டாடுங்கள்' என்று. அதற்கும் வேதத்தில் இடமுண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் காணிக்கையை நிறுத்திவைக்கச் சொல்கிற இந்த இடத்தில் அவர் கேட்பது வேறு. உன்னை நினைத்து யார் நோகிறார் என்று கேட்கிறார்.

வாவிக்கரைத் தம்பி, பிழை செய்தது அவள் என்று எழுதினீர்கள். உறுதி விஷயத்தில் அப்படியே இருக்கட்டும். தங்கச்சி ஒரு தாளை எடுத்து எழுதினால் அதில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதுவாள்?

வாவிக்கரை (டிசெம்பர் 15, இரவு 11.45)

மூன்று நாள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். பதில் தெரியாமல் இல்லை.

முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். 2014இல் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இரண்டு வருடம் படுக்கை. தூக்கி இருத்தியது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் தங்கச்சிதான். அவளுடைய கணவன் தொழில் இல்லாமல் இருந்த காலமும் அதுதான். மூன்று மைல் தூரத்தில் இருந்த நான் அந்த வளவுக்குள் கால் வைக்கவில்லை. காணியை எடுத்தவள் பார்க்கட்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன். ஒரு சதம் அனுப்பவில்லை. அம்மா கேட்கிறார் என்று இரண்டு தடவை ஆள் விட்டாள். 2016இல் அடக்கத்துக்குத்தான் போனேன். அப்போதும் முன்வரிசையில் போய் நின்றேன், மூத்த பிள்ளை என்று.

பத்துத் தென்னைக்குப் பின்னால் இதை மறைத்து வைத்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட 'சகோதரியோடு மனஸ்தாபம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு எழும்பியிருக்கிறேன்.

மருதநிலா (டிசெம்பர் 16, காலை 7.10)

அண்ணா, இதை எழுதியது இலேசான காரியமல்ல. போகும்போது விளக்கம் சொல்ல வேண்டாம். 'நீ காணியை எடுத்தாய், அதனால் நான் வரவில்லை' என்று 'அதனால்' போட்டு ஒரு வசனமும் வேண்டாம்.

கல்லாற்று அக்கா (டிசெம்பர் 17, மாலை 6.40)

இன்றைய திருப்பலியில் மத்தேயுவின் வம்ச வரிசை. பெயர்கள் நீள்வதால் பலர் கொட்டாவி விடுகிற வாசகம். அதில் யூதாவின் பெயர் வருகிறது. தம்பி யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்க யோசனை சொன்ன அண்ணன். யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. பிறகு ஏழு வருட விளைச்சல், இரண்டு வருடப் பஞ்சம். சகோதரர்களைக் கட்டிப்பிடித்து அழுதபோது 22 வருடம் போயிருந்தது. அன்று அவர் தானியம் கொடுக்காமல் அனுப்பியிருந்தால் யூதாவின் வீடு பட்டினியில் முடிந்திருக்கும். இயேசு பிறந்த வம்சம் அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. வாவிக்கரைத் தம்பிக்குப் பதினொரு வருடம். பிந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சொறிக்கல்முனை விவசாயி (டிசெம்பர் 20, இரவு 7.30)

வெறுங்கையோடு போகாதீர்கள். பெரிதாகவும் கொண்டுபோகாதீர்கள், விலைக்கு வாங்க வந்ததுபோல இருக்கும். காணிப் பேச்சை எடுக்கவே வேண்டாம். அதைப் பேச வேண்டுமானால் தை பிறந்த பிறகு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவரை வைத்துப் பேசுங்கள்.

மழைநாள் (டிசெம்பர் 21, இரவு 10.00)

நான் இன்று காத்தான்குடிக்குப் போனேன். அவள் வீடு மாறிவிட்டாள், புதிய விலாசம் வாங்கி வந்திருக்கிறேன். இவ்வளவுதான் இப்போதைக்கு.

கல்லாற்று அக்கா (டிசெம்பர் 22, காலை 5.40)

இன்று நான்காம் ஞாயிறு. மரியா எழுந்து மலைநாட்டுக்கு விரைந்து போன வாசகம். கோயிலுக்குப் புறப்படுகிறேன். இருவரையும் செபத்தில் வைத்திருப்பேன்.

வாவிக்கரை (டிசெம்பர் 23, மாலை 6.20)

நேற்றுத் திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே போனேன். மனைவி சுட்ட கேக்கில் கால்வாசி, ஒரு பிஸ்கட் டின்னில். நல்ல மழை. கேற்றில் நின்றபோது மழைநாள் எழுதிய அந்த அரை மணி நேரம் நினைவுக்கு வந்தது. எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு நிமிடத்தில் மருமகள் வந்து திறந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள்.

தங்கச்சி விறாந்தையில் வந்து நின்றாள். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன வசனம் வரவில்லை. 'அம்மா கிடந்த இரண்டு வருடமும் நான் வரவில்லை. உன்னைத் தனியே விட்டேன். என்னை மன்னித்துக்கொள்' என்று மட்டும் சொன்னேன். மருதநிலா சொன்னதுபோல 'அதனால்' எதுவும் போடவில்லை.

அவள் நெடுநேரம் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணா என்று முறை சொல்லவுமில்லை. டின்னை வாங்கி மகளிடம் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: 'பின் அறை ஒழுகுகிறது. கட்டார்க் காசில் போட்ட ஓடுதான்.'

உள்ளே போய்ப் பார்த்தேன். அம்மா கிடந்த அறை. கட்டில் இருந்த இடத்தில் இரண்டு வாளிகள் வைத்திருக்கிறாள். முகட்டுப் பக்கம் ஏழெட்டு ஓடு வெடித்திருக்கிறது, ஒரு சலாகையும் உக்கிவிட்டது. கூலிக்கு ஆள் கேட்டாளாம், நத்தார் முடியட்டும் என்றார்களாம்.

தேத்தண்ணீர் தந்தாள். குடித்தேன். தென்னையைப் பற்றி இருவரும் பேசவில்லை. வரும்போது பார்த்தேன், பத்தில் இரண்டு பட்டுப்போய்விட்டன.

இன்று பதினைந்து ஓடும் ஒரு சலாகையும் வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டால் நாளை விடியவே ஏணியோடு போகிறேன். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் அந்த அறை காய வேண்டும்.